பள்ளி வாசலில் சாதி, இஸ்ரேல் வாசலில் சான்றிதழ்

2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் போனார். அந்த நாட்டுக்குப் போன முதல் இந்தியப் பிரதமர். போகும்போது கையில் எடுத்துப்போன பரிசுகளில் ஒன்று கொச்சி யூதர்களின் செப்பேட்டு நகல். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் சுமார் கி.பி. 1000இல் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்குக் கொடுத்த பட்டயம் அது. தமிழும் மலையாளமும் முழுசாகப் பிரியாத காலத்து மொழி, வட்டெழுத்து. அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அதில் வருகின்றன. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, வடுகப் பறை, காகளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. ‘பாருங்கள், எங்கள் மண்ணில் யூதன் கௌரவமாக வாழ்ந்தான்’ என்று உலகத்துக்குச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி அரசுக்குக் கிடைக்காது.

நமக்கு அந்தப் பட்டியலைப் படிக்கும்போது வேறொன்று தோன்றுகிறது. குடை பிடிக்க ஒருவனுக்கு உரிமைப் பட்டயம் கொடுக்கிறார்கள் என்றால், குடை பிடிக்கக்கூடாதவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான் என்றுதானே அர்த்தம்? பறை கொட்டிப் போகும் உரிமை ரப்பானுக்கு. கொட்டினவன் யார்? செப்பேட்டில் அவன் பேர் இல்லை. சகிப்புத்தன்மை சகிப்புத்தன்மை என்கிறார்களே, அது இதுதான்: வந்தவனையும் படிக்கட்டில் ஒரு படியில் ஏற்றி உட்கார வைப்பது. உட்கார்ந்தவன் சும்மா இருப்பானா? தனக்குக் கீழே இன்னும் ஒரு படி கட்டுவான்.

கட்டினார்கள். கொச்சியில் இரண்டு வகை யூதர் என்று புத்தகங்கள் சொல்லும். மலபாரி யூதர் பழைய குடிகள், எண்ணிக்கையில் மிகப் பெரும்பான்மை. பரவூர், சேந்தமங்கலம், மாளா, எறணாகுளம், மட்டாஞ்சேரி என்று அவர்களுக்குத் தனித்தனிப் பள்ளிகள். பரதேசி யூதர் பின்னால் வந்தவர்கள். 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்ட பிறகு சிதறி ஓடியவர்கள், மேற்காசியாவிலிருந்து வந்தவர்கள். நம்மூரில் பரதேசி என்றால் திட்டு. அங்கே அது பட்டம். 1568இல் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டினாற்போல் பரதேசிப் பள்ளி எழுந்தது. துரத்தப்பட்டு வந்த அகதி ஒரு நூற்றாண்டுக்குள் மேல்சாதி ஆகிவிட்டான். ‘வெள்ளை யூதன்’ அவன், மலபாரி ‘கறுத்த யூதன்’. கறுப்பு என்பது தோலின் நிறம் மட்டுமல்ல, ‘நீ அடிமை வம்சம்’ என்ற வசவும் அதற்குள் இருந்தது.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். மெஷுஹ்ராரிம் என்று எபிரேயத்தில் பேர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். பரதேசி வீடுகளில் அடிமையாக இருந்து, யூத மதத்தில் சேர்க்கப்பட்டு, விடுவிக்கப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளை குட்டிகளும். பரதேசிப் பள்ளியில்தான் அவர்களும் தொழுதார்கள். எங்கே உட்கார்ந்து? உள்ளே பெஞ்சில் இல்லை, வெளிமண்டபத்தில், தரையில், படியில். தோரா வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். வெள்ளை யூதரின் கல்லறையில் இடம் கிடையாது. பெண் கொடுப்பது எடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. தலித் கிறித்தவனுக்குத் தனிக் கல்லறை, தனி வரிசை என்று பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாமி மாறியது, படி மாறவில்லை.

மலபாரிகளும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. ‘எங்களைப் போய் அந்த அடிமை வம்சத்தோடு சேர்த்துப் பேசுகிறார்களே’ என்பதுதான் அவர்களில் பலருக்கு இருந்த மனக்குறை. அடுக்குமுறைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னாரே, அதற்குச் சின்னதாக ஒரு மாதிரி செய்து காட்டு என்றால் மட்டாஞ்சேரி யூதத் தெருவைக் காட்டலாம்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தத் தகராறு கெய்ரோவில் இருந்த பெரிய ரபி தாவீது இப்னு சிம்ராவிடம் கேள்வியாகப் போனது. இவர்களோடு கலியாணம் பண்ணலாமா கூடாதா என்று. அவர் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னார்: முறைப்படி முழுக்குப் போட்டு மதத்தில் சேர்ந்து விடுதலையானவர்கள் முழு யூதர்கள், தாராளமாகப் பண்ணலாம். தீர்ப்பு வந்தது. வெள்ளை யூதர்கள் மடித்து வைத்துக்கொண்டார்கள். அடுத்து நானூறு வருசம் பழைய குருடிதான்.

1936இல் நிகழ்த்த விடாமல் தடுக்கப்பட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் ஒரு வேறுபாடு வைக்கிறார். இந்து அல்லாதவர்களிடமும் சாதி இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு அது மதக் கட்டளை இல்லை. இந்துவுக்குச் சாத்திரமே கட்டளை, ஆகவே சாத்திரத்தின் அதிகாரத்தை உடைக்காமல் சாதி போகாது என்கிறார். கொச்சி அதற்கு நேரான உதாரணம். இங்கே சாத்திரம் கீழே இருப்பவன் பக்கம் நின்றது. ஆனால் சாத்திரம் நம் பக்கம் இருந்தாலும் சொத்தும், அரண்மனைச் செல்வாக்கும், சுற்றியிருக்கிற சாதிச் சமூகமும் எதிர்ப்பக்கம் இருந்தால் ஒரு பெஞ்சுகூடக் கிடைக்காது. அம்பேத்கர் சொன்னதற்கு இது மறுப்பு இல்லை, தொடர்ச்சி. வேதநூலில் சமத்துவம் இருக்கிறது என்று வசனம் காட்டுகிற போதகர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

படியில் உட்கார வைக்கப்பட்ட அந்தக் குடும்பங்களில் 1882இல் பிறந்தவர்தான் ஆபிரகாம் பாராக் சேலம். கொச்சி யூதரில் முதலில் பட்டம் வாங்கியவர், சென்னையில் படித்தவர், வக்கீல். காங்கிரசுக்காரர், 1929 லாகூர் மாநாட்டுக்குப் போனவர். 1925 முதல் 1931 வரையிலும் பிறகு 1939 முதல் 1945 வரையிலும் கொச்சி சட்டசபையில் இருந்தவர். சட்டசபையில் உட்காரலாம், தன் பள்ளியில் உட்கார முடியாது! பக்கத்துச் சமஸ்தானத்தில் வைக்கம் தெருவுக்காக 1924-25இல் போராட்டம் நடந்த காலம். சேலம் அதே ஆயுதத்தைப் பள்ளிக்குள் கொண்டுபோனார். சத்தியாகிரகம். யூதக் காந்தி என்று பேரே வந்துவிட்டது. காந்தி என்ற பட்டத்தைக் கண்டால் நமக்குக் கொஞ்சம் கை நடுங்கும்தான். இருந்தாலும் ஒன்றைச் சொல்லணும். வைசிராய்க்கு எதிராகச் சத்தியாகிரகம் பண்ணுவதைவிடச் சொந்தத் தெருக்காரனுக்கு எதிராகப் பண்ணுவது கஷ்டம். நாளைக்கும் அதே தெருவில்தான் தண்ணி எடுக்கணும். உரிமைகள் ஒவ்வொன்றாக, வருசக்கணக்கில் இழுத்துப் பறித்து வந்தன. 1950இல் அவர் மகன் ஒரு பரதேசி வீட்டுப் பெண்ணைக் கலியாணம் செய்தபோதுகூடத் தெருவே கொந்தளித்தது. இந்தியா குடியரசான வருசம் அது, ஞாபகம் இருக்கட்டும்.

இதே சேலம்தான் 1933இல் பாலஸ்தீனம் போய்வந்தார், சியோனிசத்தைப் பேசினார். சிலருக்கு இது முரணாகப் படும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே படி, அங்கே எல்லாரும் யூதர், படி கிடையாது என்ற கனவு. ஒடுக்கப்பட்டவனுக்குத் தூரதேசக் கனவு ஏன் பிடிக்கிறது என்று நமக்குத் தெரியாதா? கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுக் கட்டி நோட்டில் எழுதிவைத்து, கைமாறி வந்த பாட்டுகள் ஏராளம். அதில் ஜெருசலேம் எப்போதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அது வெறும் சாமி பாட்டாக இல்லாமல் பயணப் பாட்டாகவும் மாறுகிறது. யூத முகமையின் ஆட்கள் வருகிறார்கள், பம்பாயில் அலுவலகம் நடக்கிறது, எபிரேயம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாட்டுக்கும் சமூகத்துக்கும் உறவு வளர்ப்பது என்று இதைச் சொல்வார்கள்.

வளர்ந்த உறவு எப்படி நடத்தியது? 1948ஐ ஒட்டிக் கொச்சியில் சுமார் 2,400 யூதர்; பரதேசிகள் அதில் நூறு பேர் சுமார். போகத் துடித்தவர்கள் ஏழை மலபாரிகள். வீட்டை விற்றார்கள், கடையை விற்றார்கள், பள்ளிச் சொத்தைக்கூட விற்றுப் பயணச் செலவு தேடினார்கள். அப்போது இஸ்ரேல் கையை உயர்த்தி ‘நில்’ என்றது. கொச்சியில் யானைக்கால் நோய் இருக்கிறது, நோய் பரவும் என்று. 1951 கடைசியில் வேறு இளைஞன், உடல்பலமுள்ளவன் என்று பார்த்துப் பொறுக்கி எடுக்கும் கொள்கையும் வந்துவிட்டது. விற்றவன் தெருவில் நின்றான். எழுபது வயதுக் கிழவர் சேலம் 1953இல் இஸ்ரேல் போய் அதிகாரிகளிடம் வாதாட வேண்டியிருந்தது. ‘எல்லா யூதனுக்கும் வீடு’ என்று அறிவித்த நாட்டின் வாசலில் போய், எங்காளுகளும் யூதர்தான், உள்ளே விடுங்கள் என்று. மட்டாஞ்சேரிப் படி கடல்தாண்டியும் கூடவே வந்துவிட்டது, பார்த்தீர்களா.

பிறகு விட்டார்கள். 1953-55க்குள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள். மாளாப் பள்ளியை 1955இல் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். பரதேசிகள்? சொத்து இருந்தது, அதை வெளியே கொண்டுபோக வழியில்லை, இருந்துவிட்டார்கள். மெல்ல மெல்லப் பின்னால் போனார்கள். 1968இல் பரதேசிப் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழா, இந்திரா காந்தி வந்தார், தபால்தலை போட்டார்கள். கொச்சி யூதர் என்றால் உலகத்துக்கு அந்தப் பள்ளி, அந்தத் தொங்குவிளக்கு, அந்த ஓடுகள். எண்ணிக்கையில் இருபது மடங்கு இருந்தவன் கதை விழாவில் இல்லை. இன்று பரதேசிகளும் தெருவில் அநேகமாக இல்லை.

போனவர்களை எங்கே வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். லெபனான் எல்லையை ஒட்டி யுவல். நெகேவ் பாலைவனத்தில் நெவாடிம். ஜெருசலேம் மலையடிவாரத்தில் தாஓஸ், மெசிலாத் சியோன். எல்லையில் காவலுக்கு ஆள் வேண்டும், பாலையில் மண்வெட்ட ஆள் வேண்டும். ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலிறங்கியவர்களைத்தான் அதிகமாக அங்கே அனுப்பினார்கள். டெல் அவீவ் வீதியில் இடம் பிடிக்க முந்தியவன் வேறு ஆள். ஆனால் உழைத்தார்கள், சும்மா சொல்லக்கூடாது. சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாகு பெசலேல் கண்ணாடிக் கூடாரத்துக்குள் ரோஜா வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக் காட்டினார். 2006இல் இந்திய அரசே அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் கொடுத்தது. பள்ளிப் பெஞ்சுச் சண்டை அங்கே அர்த்தமிழந்து போனது. எல்லாரும் ‘கொச்சினி’, அவ்வளவுதான். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். சேலத்தின் வம்சத்துக்கு அது விடுதலைதான்.

விடுதலையான மண் யாருடையது? யுவல் இருப்பது அபில் அல்-கம்ஹ் என்ற கிராமத்தின் நிலத்தில். தாஓஸ் இருப்பது பைத் சூசின் நிலத்தில். இரண்டும் 1948இல் காலியாக்கப்பட்ட பாலஸ்தீனக் கிராமங்கள். நெவாடிம் பக்கத்து விமானப்படைத் தளம் 1983இல் வந்தபோது அந்த வட்டாரத்துப் பெதூயின் மக்கள் ஆயிரக்கணக்கில் நிலத்தைவிட்டு அகற்றப்பட்டார்கள். கொச்சியில் கீழ்ப்படியில் இருந்தவனைக் கொண்டுபோய், இன்னொருத்தன் வீட்டு முற்றத்தில் குடிவைத்து, ‘காவல் காத்துக்கோ’ என்று விட்டார்கள். அவன் கேட்டு வாங்கவில்லை, அவனுக்குச் சொல்லவும் இல்லை. மலம் அள்ளப் போனவனைக் கலவரத்தில் கத்தியைக் கொடுத்து அனுப்புகிற அரசியல் நமக்குப் புதுசா? குஜராத்தில் 2002இல் பார்த்தோமே.

மட்டாஞ்சேரியில் 1912இல் பிறந்து, இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்து, 1951இல் இஸ்ரேல் போய், நெயோத் மொர்தெகாய் கிபுத்சில் வாழ்ந்த ரூபி டேனியல் தன் நினைவுகளை 1995இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவரும் அந்தப் படிக்கட்டுக் குடும்பம்தான். சாதி பற்றிப் பேச வெட்கப்படாத புத்தகம். ஆய்வாளர்கள் எழுதிய பத்துப் புத்தகத்துக்கு அது சமம். மாணவர்கள் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும்.

கொங்கணத்துப் பெனே இஸ்ராயேல் கதை இன்னும் மோசம். செக்காட்டி எண்ணெய் எடுத்து, சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்துவதால் ‘சனிவார் தேலி’ என்று பேர் வாங்கியவர்கள். இவர்களுக்குள்ளும் கோரா, காலா என்று வெள்ளை-கறுப்புப் பிரிவு இருந்தது, அது தனி. போனவர்களில் ஒரு பகுதியினர் நிறபேதம் தாங்காமல் 1951-52இலேயே மறியல் உட்கார்ந்து, ‘எங்களைத் திருப்பி இந்தியாவுக்கு அனுப்பு’ என்று கேட்டு வாங்கித் திரும்பினார்கள். யோசித்துப் பாருங்கள், இந்தியாவே தேவலை என்று சொல்ல வைத்திருக்கிறது! 1962இல் தலைமை ரபி இத்சாக் நிசிம் ஓர் உத்தரவு போட்டார்: பெனே இஸ்ராயேல்காரர் கலியாணத்துக்கு வந்தால் முன்னோர் வம்சாவளியை எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய் விசாரி. இரண்டாயிரம் வருசம் யூதனாக இருந்தவனிடம் சான்றிதழ் எங்கே என்றார்கள். 1964இல் ஜெருசலேம் வீதியில் போராட்டம், பாராளுமன்றம் தலையிட்ட பிறகுதான் உத்தரவிலிருந்து அந்தச் சமூகத்தின் பேர் எடுக்கப்பட்டது.

1971இல் ஜெருசலேமின் முஸ்ராரா பகுதியில், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்த யூத இளைஞர்கள் தங்களைக் கருஞ்சிறுத்தைகள் என்று அறிவித்துக்கொண்டார்கள். 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள். இரண்டு பேரும் பேரெடுத்தது அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து. ஒருத்தருக்கு ஒருத்தர் கடிதம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்; ஆனால் ஒரே காலத்தில் ஒரே வார்த்தை வாயில் வந்திருக்கிறது. 1996இல் எத்தியோப்பிய யூதர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தை ரகசியமாகக் குப்பையில் கொட்டினார்கள் என்று வெளிவந்து கலவரமானதே, தீட்டுக்கு விஞ்ஞானத்தில் பேர் வைத்தால் அப்படித்தான் இருக்கும். 2015இலும் 2019இலும் அதே மக்கள் போலீசுக்கு எதிராக வீதிக்கு வந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன்? நம் மாணவத் தோழர்கள் சிலர் ஆந்திரத்துப் பெனே எப்ராயீம் பற்றிக் கேள்விப்பட்டு உற்சாகமாகக் கேட்கிறார்கள். குண்டூர் மாவட்டம் கொத்தரெட்டிபாலெத்தில் சில பத்து மாதிகக் குடும்பங்கள், முன்பு கிறித்தவத்தில் இருந்தவர்கள், 1980களின் பிற்பகுதியிலிருந்து ‘நாங்கள் இஸ்ரவேலின் காணாமல்போன எப்பிராயீம் கோத்திரம்’ என்று சொல்லிப் பள்ளி கட்டித் தொழுகிறார்கள், எபிரேயம் படிக்கிறார்கள். யூலியா எகோரோவா, ஷாஹித் பர்வேஸ் இருவரும் 2013இல் இவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். மாட்டுக்கறி தின்பதும், பிணத்தைப் புதைப்பதும் எங்கள் பழைய யூத வழக்கம் என்கிறார்கள் இவர்கள்.

சிரிக்கக்கூடாது. ஊரே கைநீட்டிக் கேவலம் என்று சொன்ன வழக்கத்தை எடுத்து ‘இதுதான் என் வம்சத்து முத்திரை’ என்று நெஞ்சில் குத்திக்கொள்வது சின்ன விசயம் இல்லை. அயோத்திதாசர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்று சொன்னபோது செய்ததும் இதே வேலைதான்: சாதிக்கு முந்திய வரலாறு ஒன்றைத் தோண்டியெடுத்தது. 1948இல் அம்பேத்கர் மாட்டுக்கறியையும் சிதறுண்ட மனிதர்களையும் வைத்து எழுதியதும் அந்த வழிதான். கதை உண்மையா பொய்யா என்று டி.என்.ஏ. எடுத்துப் பார்க்கிற ஆசாமிகளிடம் நான் கேட்பது: பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்த கதைக்கு எந்த லேபில் சோதனை நடந்தது?

ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கிறது, அதைப் பூசி மெழுகக்கூடாது. பூர்வ பௌத்தன் என்று சொல்லிக்கொள்ள அயோத்திதாசர் எந்த அயல்நாட்டு அலுவலகத்திலும் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் அம்பேத்கரே இருபத்திரண்டு உறுதிமொழிகளைச் சொல்லிக் கொடுத்தார், லட்சக்கணக்கானவர் திருப்பிச் சொன்னார்கள், முடிந்தது. உன் தாத்தா யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. தாத்தா யார் என்ற கேள்வியிலிருந்து தப்பத்தான் அங்கே வந்தார்கள். இஸ்ரேல் வழி அப்படி இல்லை, அங்கே முதல் கேள்வியே தாத்தா. மணிப்பூர், மிசோரத்து மனாசே மக்களை 2005இல் தலைமை ரபி ஷ்லோமோ அமார் இஸ்ரவேல் வம்சம் என்று ஏற்றார்; ஏற்றும், முறைப்படி மதம் மாறிக் காட்டு என்றார்கள். போனவர்களில் பலரைக் கிரியத் அர்பா போன்ற மேற்குக்கரைக் குடியேற்றங்களில் வைத்தார்கள். மறுபடியும் எல்லை, மறுபடியும் இன்னொருத்தன் நிலம். கொத்தரெட்டிபாலெத்துக்கு அந்த ஏற்பும் வரவில்லை.

இங்கேயோ? 1950 ஆணைப்படி இந்து, 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர், இவர்கள் மட்டும்தான் பட்டியல் சாதி. யூதன் என்று எழுதிக்கொடுத்தால் மாதிகப் பிள்ளையின் படிப்புச் சலுகை போச்சு. தலித் கிறித்தவர், முஸ்லிம் கோரிக்கையே ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தும், 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டும் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. தாசில்தார் ஒரு பக்கம், ரபி ஒரு பக்கம். ‘நீ யூதன், தலித் இல்லை’ என்பார் ஒருத்தர். ‘நீ தலித், யூதன் இல்லை’ என்பார் மற்றவர். வன்கொடுமைச் சட்டத்தில் புகார் எழுத ஸ்டேஷனுக்குப் போனால் அந்தப் பையன் எந்தப் பேரைச் சொல்லுவான்? பக்கத்துத் தெரு ஆதிக்கசாதிக்காரனுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. அவனுக்கு இவன் எப்பவும் மாதிகன்.

யூதன் மேல் வெறுப்பைக் கக்குகிற பேச்சுக்கு நம்மிடம் இடமில்லை. ஐரோப்பா அவர்களை என்ன செய்தது என்று தெரியும். 2023 அக்டோபர் 7இல் கொல்லப்பட்டவர்களையும் அதற்குப் பிறகு காஸாவில் கொல்லப்பட்ட பல்லாயிரம் பேரையும் ஒரு தராசில் வைத்துக் கணக்குப் பேசுவதும் நம் வேலையில்லை. ஆனால் இங்கே இஸ்ரேல் கொடியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற இந்துத்துவக் கும்பல் கொச்சி யூதனைப் பற்றிப் பேசும்போது, நம் தோழர்கள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்தக் கொச்சி யூதன்? பெஞ்சில் இருந்தவனா, படியில் இருந்தவனா?

மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் கழற்றப்பட்டு இன்று ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அது மலபாரிகளின் பள்ளி. சேலம் உட்காரப் போராடிய பரதேசிப் பள்ளி மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். விளக்கையும் ஓடுகளையும் வழிகாட்டி காட்டுவார். உள்ளே நுழையுமுன் தாண்டுகிற அந்த வெளிமண்டபத்தைக் காட்ட மாட்டார். போகிற தோழர்கள் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அதைப் பற்றி அவரிடம் சத்தமாகக் கேளுங்கள்.